தாடை வலிக்குப் பல்லை ராவும் முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தாடை மூட்டு வலிக்கும் கழுத்து வலிக்கும் ஆஸ்டியோபதி முறையில், அதாவது தசைகளையும் மூட்டுகளையும் தொட்டறிந்து, கையால் செய்யப்படும் சிகிச்சையைப் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையையும், அதை 'வெறும் பிடித்துவிடுதல்' என்று ஒதுக்கி இரண்டு நாள் கழித்து வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். நழுவிய தாடையை ஒரே அமர்வில் பழைய இடத்தில் பொருத்திவிடலாம் என்று கட்டுரை சொல்கிறது; அந்தச் சிகிச்சையில் ஒன்றுமே இல்லை என்று கடிதம் சொல்கிறது. ஆறு ஆண்டுகள் இந்த வலியோடு இருந்தவள் என்ற முறையில், இரண்டு கூற்றுகளுமே நோயாளிக்குத் தீங்கானவை என்று எண்ணுகிறேன். முதலாவதை நம்புகிறவர் இரண்டாவது வாரமே மனமுடைந்து விட்டுவிடுவார். இரண்டாவதை நம்புகிறவர், என்னைப்போல, திரும்பப் பெற முடியாத ஒன்றை இழந்த பிறகுதான் கைச்சிகிச்சையின் பக்கம் வருவார்.

எனக்கு வலி முதலில் காதில்தான் வந்தது. காலையில் எழும்போது வலது காது அடைத்துக்கொண்டதைப்போல இருக்கும். மதியத்துக்குள் வலி நெற்றிப்பொட்டுக்கு ஏறும். மாலையில் பிடரி இறுகிவிடும். காது மருத்துவர் செவிப்பறையைப் பார்த்துவிட்டு அங்கே குறை ஏதும் இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான். அடுத்து நான் போன பல் மருத்துவர், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒழுங்காகப் பொருந்தாததே காரணம் என்று முடிவு செய்து, இரண்டு அமர்வுகளில் மூன்று கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பை ராவிக் குறைத்தார். அதற்கு முன் அவர் என் தாடைத் தசையைத் தொட்டுப் பார்க்கவில்லை, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கவில்லை, கழுத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வலி அப்படியே நின்றது. பற்கூச்சம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. கழுத்துக்காக வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் கழுத்துப்பட்டை கொடுத்தார். ஒருவரிடம் தாடையைப் பற்றி மட்டும், மற்றவரிடம் கழுத்தைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் தொடுப்பு உண்டு என்பது எனக்கும் அப்போது தெரியாது.

பற்களின் பொருத்தத்தைக் குற்றம் சொல்லும் வழக்கம் பழையது. 1934ஆம் ஆண்டில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர், காதடைப்பு, காதிரைச்சல், தலைவலி ஆகியவற்றைத் தாடை மூட்டோடு இணைத்து, கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை பின்னோக்கி அழுந்துவதே காரணம் என்று எழுதினார். காதுக்கும் தாடைக்கும் உறவு உண்டு என்று அவர் கண்டது பெரிய காரியம். ஆனால் அவர் சொன்ன காரணம் பின்னால் வந்த உடற்கூற்று ஆய்வுகளில் நிற்கவில்லை. அந்த விளக்கம் விழுந்த பிறகும் பல்லை ராவும் கை மட்டும் நிற்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பார்த்தால், கீழ்த்தாடையின் உருண்ட முனை விரலுக்கு அடியில் நகர்வது தெரியும். அந்த முனைக்கும் மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழிக்கும் நடுவே நாராலான சிறு தட்டு ஒன்று இருக்கிறது. வாய் திறக்கத் தொடங்கும்போது முனை கதவின் கீலைப்போலச் சுழல்கிறது; மேலும் திறக்கும்போது தட்டையும் சேர்த்துக்கொண்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. சுழலவும் வழுக்கவும் ஒருங்கே தெரிந்த மூட்டு என்பதால்தான் மெல்லவும் பேசவும் கொட்டாவி விடவும் அதனால் முடிகிறது. அதனாலேயே அது தடம் மாறவும் எளிதாகிறது. வளர்ந்தவரின் வாய் பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். தம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பார்ப்பது எளிய அளவை. தட்டு முன்னால் நழுவியிருந்தால், முனை அதன்மேல் ஏறும் நேரத்தில் 'டக்' என்ற ஓசை கேட்கும். வலியும் தடையும் இல்லாத ஓசை பலருக்கும் இருக்கக்கூடியதே. அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. தங்கள் கட்டுரையில் இந்த ஒரு செய்தி இருந்திருந்தால் எத்தனையோ பேரின் அச்சம் தணிந்திருக்கும். ஓசையை நோயாகக் காட்டி, தட்டை இடத்தில் வைக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தால், வலியில்லாதவர் அந்த உதவியை ஏற்க வேண்டியதில்லை.

வலி பெரும்பாலும் மூட்டிலிருந்து வருவதில்லை, தசையிலிருந்து வருகிறது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். கன்னத்தில் உள்ள மெல்லும் தசை, நெற்றிப்பொட்டில் விசிறியாக விரியும் தசை, தாடையின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு தசைகள் ஆகிய நான்கும் பல்லைக் கடிக்கும் ஒவ்வொரு நேரமும் இறுகுகின்றன. உணவு உண்ணாத நேரத்தில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வுநிலை; உதடுகள் மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். வேலையில் மூழ்கியிருக்கும்போதும், கவலையில் இருக்கும்போதும், உறக்கத்திலும் நம்மில் பலர் இதற்கு மாறாகவே இருக்கிறோம். துன்பம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று நம் மொழியில் சொல்வதுண்டு. நான் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்துகொண்டிருந்தேன். மாமியாரின் நீண்ட நோய்க்காலத்தில் என் தாடைத் தசைகள் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை என்பதை இப்போது உணர்கிறேன்.

கழுத்தோடு உள்ள தொடுப்புக்கு வருகிறேன். முகம், பல், தாடை ஆகியவற்றின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு. அதன் வலி இழைகள் மூளைத்தண்டின் வழியே கீழிறங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதிவரை வருகின்றன. கழுத்தின் முதல் மூன்று நரம்புகளின் இழைகளும் அங்கேயே வந்து சேர்கின்றன. இரண்டு பக்கத்துச் செய்தியும் ஒரே நரம்பணுவில் வந்து விழுவதால், வலி எங்கே கிளம்பியது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. கழுத்தின் மேல்மூட்டுகளில் உள்ள பிடிப்பு கண்ணுக்குப் பின்னாலும் பொட்டிலும் வலியாகத் தெரிவதும், தாடையின் பிடிப்பு பிடரியில் வலியாகத் தெரிவதும் இதனால்தான். இதோடு எடைக்கணக்கு ஒன்றும் உண்டு. சுமார் 5 கிலோ எடையுள்ள தலை தோள்களுக்கு நேர்மேலே நிற்காமல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றால், அதைப் பிடித்து நிறுத்தப் பிடரித் தசைகள் நாள் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கிறது. குனிந்து எழுதுகிறவர்களும் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டுகிறவர்களும் மாலையில் உணர்வது இந்த உழைப்பின் களைப்பையே.

இனி, அந்தக் கை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கட்டுரையும் சொல்லவில்லை, மறுத்தவரும் கேட்கவில்லை. நான் சென்ற ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் முதல் நாளில் முக்கால் மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார்: வலி எப்போது தொடங்கியது, எதில் கூடுகிறது, எடை குறைந்ததா, பார்வை மங்கியதா, மூட்டுவாதம் உண்டா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறேன் என்றெல்லாம். பிறகு அளவுகோலால் வாய் திறப்பை அளந்து 27 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். தாடை திறக்கும்போது வலப்பக்கம் கோணுவதைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே விரல்நுனிகளை வைத்து, என் தலையின் எடையே அந்த விரல்களின்மேல் மெல்ல இறங்கும்படி விட்டார். நான்கைந்து நிமிடங்களில் அந்த இறுக்கம் தானாகத் தளர்ந்தது. அடுத்து அவர் கைக்கு எதிராக நான் தாடையை மெல்லத் தள்ள, சில நொடிகள் கழித்து இருவரும் தளர்த்திக்கொள்ள, தசை விட்டுக்கொடுத்த அந்தச் சிறு இடைவெளி அளவுக்கு மட்டும் அவர் தாடையை மேலும் திறந்தார். கழுத்தில் நோகும் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அது நோகாத நிலைக்குக் கழுத்தைச் சாய்த்து, ஒன்றரை நிமிடம் அப்படியே தாங்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு குழந்தையின் தலையைப்போல மெல்லத் திருப்பி வைத்தார். மூன்றாவது அமர்வில், என் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு, கையுறை அணிந்த விரலால் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மெல்லும் தசையைப் பிடித்தார். அந்த வலியில் கண்ணில் நீர் வந்தது. கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவதாக அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயம் வரவில்லை. எலும்பைச் சடக்கென்று முறுக்கும் செயல் ஒருமுறைகூட நடக்கவில்லை.

பத்து வாரங்களில் ஏழு அமர்வுகள். வாய் திறப்பு 41 மில்லிமீட்டரானது. காதடைப்பு நீங்கியது. பிடரி வலி வாரம் ஒரு நாளாகக் குறைந்தது. முற்றிலும் போய்விடவில்லை, இன்றும் மனக்கவலை மிகுந்த நாட்களில் வருகிறது. இந்த நோய் பலருக்குத் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பதால், என் ஒருத்தியின் நலத்தை எடுத்துக்காட்டி இதுவே மருந்து என்று சாதிக்க நான் வரவில்லை. அதற்கு ஆய்வுகள்தான் பேச வேண்டும். அவை ஓரளவு பேசியும் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், தாடை மூட்டுக் கோளாறு உள்ள 50 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தார்கள். ஆஸ்டியோபதி கைச்சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் நலம் கண்டார்கள்; ஆனால் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி மாத்திரையும் தசை தளர்த்தும் மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், எனினும் மாத்திரையைக் குறைக்க நினைக்கும் ஒருவருக்கு அது சிறிய செய்தி அன்று.

அதைவிடப் பெரியது, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட வழிகாட்டுதல். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு எவற்றை முதலில் செய்ய வேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. மனப்பழக்கங்களை மாற்றும் நடத்தைச் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் கையால் தாடையை அசைத்துக் கொடுப்பது, தசையின் நோகும் புள்ளிகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சியும் உட்காரும், நிற்கும் நிலையைச் சீராக்கும் பயிற்சியும் அங்கே உறுதியான பரிந்துரைகளாக நிற்கின்றன. பல்லில் மாட்டிக்கொள்ளும் தகட்டையும், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியையும், மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசியையும் வேண்டாம் என்ற பக்கத்திலேயே அது வைக்கிறது; மூட்டுத்தட்டை அறுத்து எடுப்பதை உறுதியாகவே விலக்குகிறது. அதில் ஆஸ்டியோபதி என்ற பெயர் தனியாகப் போற்றப்படவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பரிந்துரைக்கப்பட்டிருப்பது கையால் செய்யும் சிகிச்சை, அதைப் பிசியோதெரபிஸ்டும் செய்யலாம், தனிப்பயிற்சி பெற்ற பல் மருத்துவரும் செய்யலாம், ஆஸ்டியோபதி கற்றவரும் செய்யலாம். தாடையையும் கழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் ஆஸ்டியோபதிக் கல்வியில் தொடக்கம் முதலே இருக்கிறது என்பதே அதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் ஆஸ்டியோபதியை நேசிப்பவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் இந்த முறையை அறிவித்து, 1892இல் அமெரிக்காவின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மாணவர் வில்லியம் சதர்லாந்து பின்னர், மண்டையோட்டு எலும்புகள் நுட்பமான ஒரு தாளத்தில் அசைகின்றன என்றும், பயின்ற கை அதை உணர்ந்து திருத்த முடியும் என்றும் கற்பித்தார். அந்தத் தாளத்தைத் தொட்டு எண்ணச் சொன்ன சோதனைகளில் ஒரே நோயாளியைத் தொட்ட இரு சிகிச்சையாளர்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை. மண்டையோட்டைத் தொட்டே தாடையைச் சரிசெய்கிறேன் என்று சொல்பவரிடம், கன்னத் தசையையும் கழுத்து மூட்டையும் பார்த்தீர்களா என்று நோயாளி கேட்பது தவறாகாது. ஒரு முறையின் நல்ல பகுதியைக் காப்பாற்ற வேண்டுமானால், ஆதாரமில்லாத பகுதியை அதன் நிழலில் ஒதுங்கவிடக் கூடாது.

இனி நான் எழுதுவதே இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. தங்கள் கட்டுரையில் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. தாடையிலும் கழுத்திலும் வரும் வலி எல்லாம் தசைப்பிடிப்பு அன்று. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, உணவை மெல்லும்போது தாடை ஓய்ந்து வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் தணிந்து, தலையைச் சீவும்போது உச்சந்தோல் நோகிறது என்றால், அது நெற்றிப்பொட்டில் ஓடும் இரத்தக் குழாயான பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்காவிட்டால் பார்வை போய்விடக்கூடும், போன பார்வை திரும்புவது அரிது. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் வலி கிளம்பி, நின்றால் தணிந்தால், இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாய் திறப்பு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தாலும், ஆறாத புண்ணோ கட்டியோ உணர்விழப்போ இருந்தாலும், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை எந்தக் கையும் தாடையை இழுக்கக் கூடாது.

கழுத்தைச் சடக்கென்று திருப்பும் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளின் வழியாகவே மேலேறுகின்றன. அந்தத் தமனியின் உட்சுவர் கிழிவது மிக அரிது. ஆனால் கிழிந்தால் பக்கவாதமாகலாம். அந்தக் கிழிசலின் முதல் அறிகுறியே பல வேளைகளில் கழுத்து வலியாக இருப்பதுதான் சிக்கல். ஏற்கெனவே கிழிந்த தமனியோடு ஒருவர் வலிக்கு மருந்து தேடிச் சிகிச்சை மேசைக்கு வந்துவிட முடியும். இதுவரை அறியாத கடும் கழுத்து வலியோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கத் தடை, முகத்தில் மரத்துப்போதல், நடை தள்ளாடல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், போக வேண்டிய இடம் அவசர மருத்துவப் பிரிவு. முடக்குவாதம் நெடுநாளாக உள்ளவர்களுக்கு மேல்கழுத்தின் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம் என்பதால் அவர்களுக்கும் இந்தத் திருப்புதல் கூடாது. தாடை வலிக்காக வருகிறவருக்கு இந்த முறை இல்லாமலே நலம் காண முடியும் என்பதை என் அனுபவத்தில் கண்டேன். தேவையில்லாத ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

யார் கையை நம்புவது என்ற கேள்வி இதிலிருந்தே எழுகிறது. ஆஸ்டியோபதி பட்டம் பெற்றவர் அமெரிக்காவில் முழு மருத்துவராகவே உரிமம் பெறுகிறார். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பல நாடுகளில் அப்படி ஒரு வேலி இல்லை. வார இறுதி வகுப்பில் சேர்ந்தவரும் அதே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வரையறையில், மருத்துவப் பின்னணி இல்லாமல் இதைப் புதிதாகக் கற்பவருக்கு 4200 மணி நேரக் கல்வி வேண்டும் என்றும், அதில் 1000 மணி நேரமாவது மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்ததாக இருக்க வேண்டும் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேட்க நோயாளி கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல சிகிச்சையாளர் அந்தக் கேள்வியை வரவேற்கிறார்.

கையால் தளர்ந்த தசை மறுநாளே பழைய பழக்கத்தால் இறுகிவிடும் என்பதால், வீட்டில் செய்வதே பாதி சிகிச்சை. நாவின் நுனியை மேற்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில், 'ண' என்று சொல்லத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே வைத்துப் பற்களை விலக்கி வைப்பது, கொட்டாவியின்போது கைவிரலால் மோவாயைத் தாங்குவது, வலி மிகுந்த நாட்களில் மெல்லுவதற்குக் கடினமானதைத் தவிர்ப்பது, குப்புறப் படுத்துத் தலையை ஒருபக்கம் திருப்பி உறங்குவதை விடுவது ஆகிய இவற்றை என் சிகிச்சையாளர் எனக்குக் கற்பித்தார். எளியவைதான், ஆனால் ஒரு நாளில் நூறு முறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியவை. எழுதும் மேசையில் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் பற்களை விலக்கிக்கொண்டேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். 'ஒரே அமர்வில் பழைய இடத்தில் பொருத்திவிடலாம்' என்ற வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். இத்தகைய கட்டுரை இனி வரும்போதெல்லாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளைக் கட்டமிட்டு அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பல்லை ராவும் இயந்திரத்தின் முன் உட்காரப் போகிற ஒருவர், அதற்கு முந்தின நாள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, முதலில் என் தாடையையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள், வாய் திறப்பை அளந்து சொல்லுங்கள் என்று தம் மருத்துவரிடம் கேட்பாரானால், எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி